வயிற்றில் தேடினார்கள், மாத்திரை அட்டையில் கிடைத்தது

ரானிடிடின் என்று சொன்னால் சிலருக்குச் சட்டென்று பிடிபடாது. ரேன்டாக், அசிலாக், ஜைனெடாக் என்றால் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நெஞ்செரிச்சலா, புளித்த ஏப்பமா, மூட்டுவலி மாத்திரைக்குத் துணையாக 'வயித்துக்கு ஒண்ணு' வேண்டுமா, மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருக்கும். சீட்டே இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டவர்களும் ஏராளம். வருடக்கணக்காகத் தினம் ஒன்று என்று விழுங்கியவர்களை எனக்கே நிறையத் தெரியும்.

2019 செப்டம்பரில், அந்த மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி பலரை விடாமல் அரிக்கிறது. "இத்தனை வருஷம் சாப்பிட்டோமே, நமக்கு ஏதாவது ஆகிவிடுமா?" நடைப்பயிற்சியில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்புவதற்கு, அது எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சந்தேகம் 2019-ல் முளைத்ததும் இல்லை. நாம் சாப்பிடும் மருந்தும் சாப்பாட்டோடு போகும் ஒரு ரசாயனமும் வயிற்றுக்குள் கூடி விஷமாகுமா என்று விஞ்ஞானிகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தொடங்குவது இங்கிலாந்தில். லண்டனுக்குத் தெற்கே கார்ஷால்டன் என்ற ஊரில் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நச்சியல் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு விவகாரம் வந்து சேர்ந்தது. ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் டைமெத்தில்நைட்ரோசமீன் என்ற திரவத்தைக் கரைப்பானாகப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கையாண்டவர்களில் இருவருக்குக் கல்லீரல் கெட்டுப்போனதற்கான அறிகுறிகள் தெரிந்தன. ஜான் பார்ன்ஸ், பீட்டர் மாகி என்ற இருவர் அந்தத் திரவத்தை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலை அது கடுமையாகத் தாக்குகிறது என்று 1954-ல் எழுதினார்கள். பிறகு எலிகளின் தீவனத்தில் மிகக் குறைந்த அளவு கலந்து மாதக்கணக்கில் கொடுத்துவந்தார்கள். 1956-ல் வந்த முடிவு அவர்களையே திடுக்கிட வைத்திருக்கும். பெரும்பாலான எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி.

நைட்ரோசமீன் என்ற குடும்பத்தின் மீது உலகத்தின் கண் விழுந்தது அப்போதுதான். டைமெத்தில்நைட்ரோசமீனைச் சுருக்கி என்.டி.எம்.ஏ. என்பார்கள். 2019-ல் ரானிடிடினில் கிடைத்ததும் இதே பொருள்தான்.

அது எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதை வைத்துத்தான். அமீன் என்பது நைட்ரஜன் உள்ள ஒரு ரசாயனக் குடும்பம். மீன் வாடைக்குக் காரணம் இந்தக் குடும்பத்துச் சரக்கு. நைட்ரைட் என்பது ஒரு உப்பு. இறைச்சி கெடாமல் இருக்கவும் சிவப்பு நிறம் மாறாமல் இருக்கவும் மேல்நாடுகளில் அதைச் சேர்ப்பார்கள். அந்தக் காலத்தில் வெடியுப்பைப் போட்டு ஊறவைத்தார்கள். வெடியுப்பில் இருக்கும் நைட்ரேட் மெல்ல நைட்ரைட்டாக மாறி அதே வேலையைச் செய்யும். இப்போது அமீனையும் நைட்ரைட்டையும் ஒரு அமிலத்தில் ஒன்றாகப் போட்டால் நைட்ரோசமீன் உண்டாகும். கல்லூரியில் வேதியியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். மனித உடம்பில் அமிலம் நிறைந்த பாத்திரம் ஒன்று இருக்கிறது. அதுதான் வயிறு.

ஆனால் வயிற்றைப் பற்றி யாரும் யோசிப்பதற்கு முன் நார்வேயில் ஆடுமாடுகள் செத்தன. 1957-ஐ ஒட்டி, அங்கே ரோமத்துக்காக வளர்க்கப்படும் மிங்க் என்ற விலங்குகள் கல்லீரல் கெட்டு இறந்தன. 1960-களின் தொடக்கத்தில் ஆடுமாடுகளுக்கும் அதே நோய் வந்தது. எல்லாம் சாப்பிட்டது ஹெர்ரிங் மீனைக் காயவைத்து அரைத்த தீவனம். ஹெர்ரிங் என்பது நம் மத்தி மீனுக்குச் சொந்தக்கார மீன். பிடித்த மீன் ஆலைக்குப் போவதற்குள் கெடாமல் இருக்க அதில் நைட்ரைட் சேர்த்திருந்தார்கள். மீனில் அமீன் இருக்கிறது, மேலே நைட்ரைட்டும் போட்டாயிற்று, பிறகு சூடாக்கிக் காயவைத்தார்கள். 1964-ல் அந்தத் தீவனத்திலிருந்து நார்வே விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த விஷம், கார்ஷால்டனில் எலிகளுக்குக் கொடுத்த அதே என்.டி.எம்.ஏ. யாரும் விஷம் வைக்கவில்லை. கெட்டுப்போகக் கூடாது என்று போட்ட உப்பே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அடுத்த கேள்வி தானாக எழுந்தது. தீவனத்தில் நடப்பது வயிற்றுக்குள் நடக்காதா? ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் யோஹன்னஸ் சாண்டர் என்பவர் இதை எடுத்துக்கொண்டார். நைட்ரோசமீனைக் கொடுக்காமல், அமீனையும் நைட்ரைட்டையும் தனித்தனியாகத் தீவனத்தில் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்குக் கட்டிகள் வந்தன. 1969-ல் அந்த முடிவு வெளியானது. விஷத்தை வெளியிலிருந்து ஊட்டத் தேவையில்லை, உடம்புக்குள்ளேயே அது தயாராகும் என்பது அப்போது உறுதியானது.

இங்கேதான் மருந்து கதைக்குள் வருகிறது. நாம் விழுங்கும் மருந்துகளில் பல, ரசாயனக் கணக்கில் பார்த்தால் அமீன்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்லியம் லிஜின்ஸ்கி இதைக் கையிலெடுத்தார். 1972-ல் அவரும் கூட்டாளிகளும் பழக்கத்தில் இருந்த பல மருந்துகளை நைட்ரைட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் ஆக்சிடெட்ராசைக்ளின் இருந்தது, குடிப்பழக்கத்தை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் இருந்தது. எல்லாவற்றையும்விட வேகமாக நைட்ரோசமீனைக் கொடுத்தது அமினோபைரின்.

அமினோபைரினை நம் ஊரில் அமிடோபைரின் என்பார்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுத்த மிகப் பழைய மருந்து. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரமிடோன் என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கியது. நமக்குப் பழக்கமான அனால்ஜின் இதே குடும்பத்துப் பிள்ளை. அமினோபைரின் சிலருக்கு ரத்தத்தின் வெள்ளையணுக்களை அழித்து உயிரையே வாங்கிவிடுகிறது என்று 1930-களிலேயே தெரிந்துவிட்டது. அப்படியும் பல நாடுகளில் விற்பனை நிற்கவில்லை. இப்போது இரண்டாவது குற்றச்சாட்டு வந்தது. அமினோபைரினையும் நைட்ரைட்டையும் குடிதண்ணீரில் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது என்று 1973-ல் லிஜின்ஸ்கி குழு எழுதியது. ஒரு மருந்து, ஒரு உணவு உப்பு. இரண்டும் தனித்தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை, சேர்ந்தபோது செய்தன.

1970-களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியிலேயே அமினோபைரினைக் கைவிட்டார்கள். இந்தியாவில் 1983 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்த மருந்துகளின் பட்டியலை அறிவித்தபோது, அதன் முதல் வரியில் இருந்த பெயர் அமிடோபைரின். நம்மில் பலர் சின்ன வயதில் காய்ச்சல் மருந்தாக அதைக் குடித்திருப்போம். பெயர்தான் தெரிந்திருக்காது.

"சரி, நாம் பன்றி இறைச்சியும் டப்பாவில் அடைத்த கறியும் சாப்பிடுகிறவர்கள் இல்லையே, நமக்கு நைட்ரைட் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை நம் வாயிலேயே இருக்கிறது. கீரை, பீட்ரூட், முள்ளங்கி இவற்றில் நைட்ரேட் நிறைய உண்டு. அது ரத்தத்தில் கலந்து, ஒரு பங்கு எச்சிலில் திரும்பி வருகிறது. நாக்கில் குடியிருக்கும் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நாம் அதை விழுங்குகிறோம். எச்சிலில் இருக்கும் நைட்ரைட்டை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் டானன்பாம் குழுவினர் 1970-களில் அளந்து காட்டினார்கள்.

மனிதர் வயிற்றில் இது நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க 1981-ல் ஒரு எளிய சோதனை நடந்தது. பிரான்சில் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இருக்கிறது. அங்கே ஓஷிமா, பார்ட்ஷ் என்ற இருவர் ஒரு தன்னார்வலருக்குப் பீட்ரூட் சாறு குடிக்கக் கொடுத்தார்கள். பின்னால் புரோலின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தார்கள். புரோலினும் நைட்ரைட்டும் சேர்ந்தால் உண்டாகும் பொருள் கெடுதல் இல்லாதது, அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் ஆபத்தில்லாமல் அளக்க முடிந்தது. சிறுநீரில் அது இருந்தது. ஆக, மனித வயிற்றிலும் இந்த வேதிவினை நடக்கிறது. கூடவே வைட்டமின் சி கொடுத்தபோது அது வெகுவாகக் குறைந்தது.

வைட்டமின் சியின் இந்தக் குணத்தை முதலில் சொன்னவர் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் இருந்த சிட்னி மிர்விஷ். 1972-ல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நைட்ரைட் அமீனைப் பிடிப்பதற்கு முன் வைட்டமின் சி நைட்ரைட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதன் விளைவு அமெரிக்கரின் காலைச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போனது. பேகன் எனும் பதப்படுத்திய பன்றி இறைச்சியில் நைட்ரைட்டைப் பத்து லட்சத்துக்கு 120 பங்காக வைத்து, வைட்டமின் சி வகை உப்பை 550 பங்கு சேர்க்க வேண்டும் என்று 1978-ல் அந்நாட்டு வேளாண் துறை விதி செய்தது. கீரையில் நைட்ரேட் இருந்தாலும் கூடவே வைட்டமின் சியும் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கீரைக்காரம்மாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எலுமிச்சையும் நெல்லிக்காயும் சாப்பாட்டில் இருப்பது நல்லதே.

இந்தச் சமயத்தில்தான் வயிற்றுப் புண்ணுக்குப் புது மருந்துகள் வந்தன. 1976-ல் சிமெடிடின் வந்தது. வயிற்றில் அமிலம் சுரப்பதையே குறைக்கும் மருந்து. அதுவரை அல்சருக்கு ஆபரேஷன்தான் வழி என்று இருந்த பலர் கத்தியிலிருந்து தப்பினார்கள். அதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். 1981-ல் கிளாக்ஸோ கம்பெனியின் ரானிடிடின் ஜான்டாக் என்ற பெயரில் வந்தது. சில ஆண்டுகளில் உலகிலேயே அதிகம் விற்கும் மருந்தானது.

சந்தேகம் அன்றே இருந்தது. சிமெடிடின் சாப்பிட்ட சிலருக்கு வயிற்றில் புற்றுநோய் இருந்ததை 1979-ல் லான்செட் இதழில் இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். 1981-ல் இத்தாலியின் ஜெனோவாவைச் சேர்ந்த சில்வியோ டி ஃப்ளோரா, சிமெடிடினும் ரானிடிடினும் நைட்ரைட்டோடு சேர்ந்தால் மரபணுவைக் கெடுக்கும் பொருள்கள் உண்டாகலாம் என்று அதே இதழில் எழுதினார். சிமெடிடினிலிருந்து வரும் நைட்ரோசோ பொருளைப் பின்னர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் வரவில்லை. அந்தச் சோதனையைச் செய்தவர்களில் ஒருவர், அமினோபைரின் மீது குற்றம் சாட்டிய அதே லிஜின்ஸ்கி. நோயாளிகளுக்குக் கண்கூடான நன்மை இருந்தது, ஆபத்து நிரூபணமாகவில்லை. பேச்சு அடங்கியது. மருந்து விற்றது.

2018 ஜூலையில் வேறு இடத்தில் மணி அடித்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வால்சார்டன் மருந்தில் என்.டி.எம்.ஏ. இருப்பது தெரிந்தது. சீனாவின் ஜெஜியாங் ஹுவாஹாய் கம்பெனி அந்த மருந்தைச் செய்யும் முறையை மாற்றியபோது, பயன்படுத்திய கரைப்பானும் நைட்ரைட்டும் சேர்ந்து அது உண்டாகியிருந்தது. வயிறு சம்பந்தப்படவே இல்லை, தொழிற்சாலையிலேயே ஆகிவிட்டது. உலகமெங்கும் மற்ற மருந்துகளையும் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வாலிஷுர் என்ற மருந்துக்கடை ஆய்வகம், ரானிடிடின் மாத்திரை ஒன்றில் 30 லட்சம் நானோகிராமுக்கு மேல் என்.டி.எம்.ஏ. கண்டதாக அறிவித்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தினசரி வரம்பு 96 நானோகிராம். இந்த 96 என்பது எவ்வளவு? ஓர் அரிசி மணியை இரண்டு லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டு. அந்த அளவை எழுபது வருடம் தினமும் சாப்பிட்டால், லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்று கணக்கிட்டு வைத்த வரம்பு அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

30 லட்சம் என்ற எண்ணுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தச் சோதனையில் மாத்திரையை 130 டிகிரி வரை சூடாக்கினார்கள். ரானிடிடின் மூலக்கூறின் ஒரு முனையில் டைமெத்தில் அமீன் துண்டு இருக்கிறது, இன்னொரு முனையில் நைட்ரோ துண்டு இருக்கிறது. வெளியிலிருந்து நைட்ரைட் எதுவும் வேண்டியதில்லை, சூடுபட்டால் தன் சரக்கை வைத்தே என்.டி.எம்.ஏ.யைச் செய்துகொள்ளும். சூடாக்காத முறையில் அரசுத் துறை சோதித்தபோது அளவு மிக மிகக் குறைவாக இருந்தது. சுட்ட இறைச்சியிலும் புகையூட்டிய இறைச்சியிலும் இருப்பதைப் போன்ற அளவு என்று அந்த நவம்பரில் சொன்னார்கள். ஆனாலும் சில மாத்திரைகள் வரம்பைத் தாண்டின.

பழைய கேள்வி திரும்பி வந்தது. வயிற்றுக்குள் என்ன ஆகிறது? 2016-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் பத்துப் பேருக்கு ரானிடிடின் கொடுத்து, சிறுநீரில் என்.டி.எம்.ஏ. நானூறு மடங்கு கூடியதாக எழுதியிருந்தார்கள். எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். பிற்பாடு, சிறுநீரில் இருந்த ரானிடிடினே சோதிக்கும் முறையால் சிதைந்து அந்தக் கணக்கை ஏற்றியிருக்கலாம் என்று தெரியவந்தது. எழுதியவர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்க அரசுத் துறை தானே ஒரு சோதனை நடத்தி 2021-ல் வெளியிட்டது. ஆரோக்கியமான 18 பேர். ரானிடிடின் 300 மில்லிகிராம் ஒரு நாள், வெற்று மாத்திரை இன்னொரு நாள். நைட்ரைட் நிறைந்த பதப்படுத்திய இறைச்சியோடும் கொடுத்தார்கள், அது இல்லாத சாப்பாட்டோடும் கொடுத்தார்கள். யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பது கொடுப்பவருக்கும் தெரியாது. ரானிடிடினால் சிறுநீரில் என்.டி.எம்.ஏ. கூடவில்லை.

அமினோபைரின் விஷயத்தில் பயந்தது ரானிடிடினுக்கு வயிற்றில் நடக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. மாத்திரை அட்டைக்குள்ளேயே, நாள் போகப் போக, சூடு ஏற ஏற, அந்தப் பொருள் கூடிக்கொண்டே போனது. அறை வெப்பத்தில் வைத்தாலே கூடுகிறது, அதற்கு மேல் போனால் இன்னும் கூடுகிறது என்று தெரிந்ததால்தான், 2020 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவில் எல்லா ரானிடிடினையும் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அந்த மாதக் கடைசியில் ஐரோப்பாவும் நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் தடை வரவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் வந்த அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 26 மருந்துகளில் ரானிடிடினும் ஒன்று.

இப்போது அந்த ஒரு வரிப் பதிலுக்கு வருகிறேன். ரானிடிடின் சாப்பிட்டவர்களையும் அதே வகை வேறு மருந்து சாப்பிட்டவர்களையும் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2023-ல் வந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ரானிடிடின்காரர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. வருடக்கணக்கில் அந்த மாத்திரையைப் போட்டு, இப்போது ராத்திரி தூக்கம் வராமல் புரள்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த 96 நானோகிராம் கணக்கை நினைத்துப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய மாத்திரை ஒன்றை விழுங்கியவுடன் விஷம் குடித்ததாக அர்த்தமில்லை. அதற்காக, தெரிந்த பிறகும் அதையே தொடர வேண்டும் என்பதும் இல்லை. வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இன்னும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று முக்கியம். வால்சார்டன் செய்தி வந்தபோது, மாற்று மருந்து கைக்கு வரும் வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்கத் துறை நோயாளிகளைக் கேட்டுக்கொண்டது. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்து நாளைக்கே வரும். நைட்ரோசமீனால் வரக்கூடியது என்றோ ஒருநாள், யாரோ ஒருவருக்கு. செய்தித்தாளைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போடுவது நம் வயதில் சரிப்படாது.

ஹெர்ரிங் தீவனத்தில் தொடங்கி ரானிடிடின் வரை எல்லா இடத்திலும் அளவும் சூடும் காலமும்தான் தீர்ப்பு எழுதியிருக்கின்றன. அவற்றில் அளவும் தயாரிப்பும் கம்பெனி, அரசாங்கம், டாக்டர் கையில். சூடும் காலமும் ஓரளவு நம் கையில். எந்த மாத்திரையானாலும் அடுப்பங்கரை அலமாரியிலும், ஃப்ரிட்ஜின் மேலும், வெயில் படும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலை ஒன்றைப் பார்த்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துத் தேதி பாருங்கள். பழைய அட்டைகளில் பாதி ரானிடிடின் இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு.